நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாற்பது ஃபாரத்துக்குள் புத்தகத்தை அடக்கிவிட வேண்டும் என்று குமரப்பன் ஐயா போனில் சொன்னபோது துர்காதேவிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். பெரிய தாளில் முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று அடித்து, மடித்துத் தைப்பது. நாற்பது ஃபாரம் என்றால் அறுநூற்று நாற்பது பக்கம். அவள் கணினியில் புத்தகம் அறுநூற்று நாற்பத்தாறில் வந்து நின்றுகொண்டு அசைவேனா என்றது. ஆறு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போட்டால் பத்துப் பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடக்கும். அச்சகத்துக்காரரோ தாளை அளந்து வாங்கி அடுக்கிவிட்டார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தினப்படி தலைவலி. வெளியே சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது.

"எப்படியாவது இழுத்துப் பிடிச்சு முடிச்சிருங்க துர்கா" என்றார் ஐயா.

"பார்க்குறேங்கய்யா. முடிச்சதும் இன்னொரு புரூஃப் எடுத்துக் குடுத்துடவா?"

"வேணாம்மா. பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. அதான் கையெழுத்துப் போட்டாச்சுல்ல. நேரா அச்சுக்கு அனுப்பிருங்க."

குமரப்பன் ஐயா கால்நடைக் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காரைக்குடிக்குத் திரும்பி வந்து, தன் அப்பச்சி, அதாவது தகப்பனார், பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து, ஆடு மாடு வளர்க்கிறவர்களுக்கென்று தமிழில் ஒரு முழுக் கையேடு எழுதினார். என்ன நோய், எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன மருந்து, எவ்வளவு எடைக்கு எத்தனை மில்லி, எல்லாம் அதில் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு பிரதியையும் இனாமாகவே கொடுப்பது என்று எழுத உட்காரும்போதே முடிவு செய்திருந்தார். நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

துர்காதேவிக்குச் செக்காலை ரோட்டில் கடை. கடை என்ன கடை, ஜெராக்ஸ்காரருக்குப் பின்புறம் எட்டடிக்குப் பத்தடி. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, இதுதான் பதினாறு வருஷப் பிழைப்பு. அப்படிப்பட்ட கைக்கு இப்படி ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. பதினோரு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். ஐயா பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த அத்தியாயங்களை மாற்றினால் பாதி எழுத்து கட்டம் கட்டமாக வந்து விழுந்தது. இருநூற்றுப் பதினெட்டுப் படம். மேலே ஒரு பத்தி நகர்ந்தால் கீழே படம் ஒரு பக்கமும் அதன் விளக்கம் ஒரு பக்கமுமாக ஓடும். மாட்டு இரைப்பைக்கு அடியில் 'கோழிக் கொட்டகையின் அமைப்பு' என்று எழுதி நிற்கும். அட்டவணை அறுபத்தொன்று. கழுத்து பிடித்துக்கொண்டது, பெருவிரல் மரத்துப் போனது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே செய்தாள். குறை சொல்ல முடியாத வேலை. கடைசி மூன்று நாளைத் தவிர.

முதல் நாள், வரிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியை ஒரு மயிரிழை குறைத்தாள். இரண்டு பக்கம் உள்ளே போனது. மறுநாள் படங்களைக் கொஞ்சம் சிறிதாக்கினாள். இன்னும் இரண்டு. மிச்ச இரண்டு பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தபோது அது கண்ணில் பட்டது. நீளமான அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் அங்கேயும் உச்சியில் அதே தலைப்பு வரி மறுபடி வரும். எடை, கன்று, மாடு, செம்மறி, வெள்ளாடு. பக்கத்தைத் தள்ளினால் மறுபடி எடை, கன்று, மாடு. ஒரு தடவை சொன்னது போதாதா என்று தோன்றியது அவளுக்கு. மென்பொருளில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் தலைப்பு முதல் பக்கத்தோடு நின்றுவிடும். ஓர் அட்டவணைக்கு எடுத்துப் பார்த்தாள். நாலு வரி மிச்சம். எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து அறுபத்தொன்றுக்கும் எடுத்தாள். புத்தகம் அறுநூற்று நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. அடேயப்பா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் சூப்பர்க்கா என்றாள்.

ஆவணியில் அச்சாகி, புரட்டாசியில் எல்லோருக்கும் தபாலில் போனது. துர்காவுக்கு ஐயா பத்துப் பிரதி கொடுத்தார். அதில் ஒன்றை அவள் மானகிரிக்கு, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அக்கா ஆயி, அக்கா புருஷன் கருத்தையா, இருபத்துமூன்று வெள்ளாடு, அரை ஏக்கர் கடலைக் கொல்லை. அவ்வளவுதான் அந்தக் குடும்பம். கருத்தையா ஆறாம் வகுப்பு வரை படித்தவர். புத்தகத்தைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார்.

"என்னத்தா, இம்மாந் தண்டி இருக்கு?"

"பூராவும் நாந்தான் மச்சான் போட்டேன். ஒவ்வொரு எழுத்தும்."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பாலிதீன் பையில் சுற்றி டிவி பெட்டி மேல் வைத்தார்.

ஐப்பசி பிறந்ததும் நாலு மழை சேர்ந்தாற்போலப் பெய்தது. கண்மாய்க்கு நீர் வந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் புல் மேய்ந்தால் ஆட்டுக்கு ஈரலில் புழு விழும். மழை விட்ட கையோடு மருந்து ஊற்றுவது வழக்கம். மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும், ஆயி போன் செய்தாள்.

"துர்கா, ஆடெல்லாம் செவுத்துல முட்டுதுடி."

"என்னக்கா சொல்ற?"

"கண்ணு தெரியல. ஒன்னுக்கும் தெரியல. ஒன்பது உருப்படி போயிருச்சு. ஒங்க மச்சான் வாயே தொறக்க மாட்டேங்குறாக. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ."

கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். இறங்கின இடத்திலிருந்து அக்கா வீடு வரைக்கும் செம்மண் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கொட்டத்தில் பதினாலு ஆடு நின்றது. கண் எல்லாம் திறந்துதான் இருந்தது, பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது, பார்வைதான் இல்லை. சினையாட்டு ஒன்று நடந்து வந்து தூணில் இடித்தது, பின்வாங்கி, மறுபடி அதே தூணில் வந்து இடித்தது. குட்டிகள் கத்தின பக்கம் தாய்கள் கழுத்தை நீட்டின, எங்கே என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றின. கருத்தையா குத்தவைத்து உட்கார்ந்து, அகத்திக் கொழையை ஒடித்து ஒவ்வொரு ஆட்டின் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தார். வாயில் வைத்தால் தின்றது. கீழே போட்டால் மோந்து பார்த்துவிட்டு நின்றது.

"மருது வந்து பாத்துட்டுப் போயிட்டாரு" என்றாள் ஆயி. மருது கறிக்கடைக்கு ஆடு பிடிக்கிறவர். "மருந்து உள்ள போன உருப்படியை ஒரு மாசத்துக்குத் தொடமாட்டேன்னுட்டாரு. அந்த மனுசனைச் சொல்லிக் குத்தமில்ல. தின்னுபுட்டு எவனுக்காவது ஒன்னு ஆனா என்ன பண்றது?"

"டாக்டரு வந்தாரா அக்கா?"

"வந்தாரு. மருந்து கூடிப் போச்சு, இனி கண்ணு திரும்பாதுன்னாரு. எத்தனை மில்லி ஊத்துனீங்கன்னு கேட்டாரு, இவுக சொன்னாக, அவரு தலையில கைய வச்சுக்கிட்டாரு." ஆயி புருஷன் பக்கம் திரும்பினாள். "படிக்கத் தெரியாட்டித் தெரியலன்னு சொல்லணும். பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்டக் குடுத்தா வாசிச்சுச் சொல்லியிருக்கும். பெரிய டாக்டரு கணக்கா விரிச்சு வச்சுக்கிட்டு விரலை வச்சு வச்சுப் பாத்தீகள்ல, இப்பப் பாருங்க."

கருத்தையா கொழையை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

"எந்தப் பக்கம் பாத்தீக மச்சான்?" என்று கேட்டாள் துர்கா.

"மடக்கி வச்சிருக்கேன்த்தா. எடுத்துப் பாரு. நாந்தான் எங்கிட்டோ தப்பாப் பாத்துட்டேன் போல."

பாலிதீன் பையைப் பிரித்தாள். மூலை மடித்த பக்கம் தானாக விரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. ஈரல் புழு மருந்து அட்டவணை நானூற்றுப் பத்தில் தொடங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, தாளைத் திருப்பியதும் இங்கே வந்து முடிகிறது. பக்கத்தின் உச்சியில் ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பில் எண்கள். எது கன்று, எது மாடு, எது வெள்ளாடு என்று அந்தப் பக்கம் எங்கேயும் சொல்லவில்லை. ஆட்டுக்கான மற்ற அட்டவணைகள் எல்லாவற்றிலும் எடைக்கு அடுத்து வெள்ளாடுதான் முதல் வரிசை. இது ஒன்றில்தான் கன்று முதலில், வெள்ளாடு கடைசியில். கருத்தையா மற்றப் பக்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணால் முதல் வரிசையை ஆட்டுக்கு என்று எடுத்துக்கொண்டார். அது கன்றுக்கு உள்ளது. ஐந்து மடங்கு.

சின்னக் கட்டத்தில் ஒரு டிக். அதை எடுத்த தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள் துர்கா.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆயி ரசத்தை ஊற்றி மொச்சைப் பயற்றை வைத்து, "தின்னுட்டுப் போ, வெறும் வயித்தோட போகாத" என்றாள். துர்கா உட்கார்ந்து தின்றாள். கை கழுவினாள். அக்காவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். இதையெல்லாம் அவளே பின்னால் நினைத்து நினைத்துக் கூசிப் போனாள் என்பது வேறு விஷயம்.

அவள் புருஷன் பாண்டிமுருகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றாள்.

"என்னங்க, அது என் தப்பு."

"எது?"

சொன்னாள். டிக்கைச் சொன்னாள், தலைப்பைச் சொன்னாள், ஃபாரத்தைச் சொன்னாள். பாண்டிமுருகன் குழாயை மூடிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான்.

"இது யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத்தான்."

"அப்ப ஒனக்கும் தெரியாதுன்னு வச்சுக்க."

"எப்படிங்க?"

"எப்படின்னா? நீ தலைப்பே இல்லாம விட்டியா? முன்னாடி பக்கத்துல இருக்குல்ல? திருப்பிப் பாக்குறது படிக்கிறவுக வேலை. வெளிய சொன்னா நாளைக்கு எவன் ஒனக்கு வேலை குடுப்பான்? ஒரு கல்யாணப் பத்திரிகை வராது. முகூர்த்த நேரத்தையும் மாத்திப் போட்டுருவான்னு பேசுவாய்ங்க. ஒன் சம்பாத்தியம் இல்லாம இந்த வீடு ஓடுமா? நீயே சொல்லு."

"வெளிய இன்னும் ஆயிரத்து நானூத்துச் சொச்சம் புத்தகம் இருக்குங்க. மச்சான் வீட்டுல மட்டுமா மழை பேஞ்சுச்சு?"

பாண்டிமுருகன் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். "ஐயாகிட்டப் போய்ச் சொல்லு. புத்தகம் அவுகளோடது" என்றான் கடைசியில்.

மறுநாள் காலையில் போனாள். ஐயா வீட்டு முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சிகப்பி ஆச்சி காப்பியும் ஒரு தட்டில் கந்தரப்பமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "முகமெல்லாம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். துர்கா புத்தகத்தை விரித்து ஐயா மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். முன்பக்கம் திருப்பினார், பின்பக்கம் திருப்பினார்.

"நான் கையெழுத்துப் போட்ட புரூஃப்ல தலைப்பு இருந்துச்சே."

"இருந்துச்சுங்கய்யா. ஃபாரம் கூடுதுன்னு கடைசியில நாந்தான் எடுத்தேன். எல்லா அட்டவணைக்கும்."

"எல்லாத்துக்குமா?"

"ஆமாங்கய்யா."

ஐயா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த பதிப்புல சரி பண்ணிருவோம்" என்றார்.

"ஐயா, இப்பத்தான மருந்து ஊத்துற காலம்."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா யோசிச்சுப் பாருங்க. ஆளாளுக்குக் கூப்பிட்டு எங்க புத்தகம் தப்புன்னு சொன்னா என்ன ஆகும்? கேஸு, பேப்பர், டிவி. அப்பச்சி பேர்ல உள்ள அறக்கட்டளை. எழுபத்து நாலு வயசுல நான் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். நல்லது செய்யப் போயி..." கண்ணாடியை மறுபடி கழற்றினார். "முன்பக்கம் தலைப்பு இருக்கு. நிதானமா பார்க்குறவங்க சரியாத்தான் பார்ப்பாங்க. ஒங்க மச்சான் அவசரப்பட்டுட்டாரு. கோழிப் புத்தகம், ரெண்டாம் பாகம், அதையும் நீங்கதான் பண்ணப் போறீங்க. மனசை விட்டுடாதீங்க. காப்பியைக் குடிங்க."

துர்கா காப்பியைக் குடிக்கவில்லை.

கடைக்கு வந்து கணினியைப் போட்டாள். புத்தகம் தபாலில் போனபோது உறைகளில் ஒட்டுவதற்கு விலாசச் சீட்டு அடித்ததும் அவள்தான். பெயர், ஊர், பின்கோடு, கீழே போன் நம்பர். ஆயிரத்து நானூற்று எண்பது பேர். கோப்பு அங்கேயே இருந்தது. முதல் நம்பரை அடிக்குமுன் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள், கிழித்துப் போட்டாள்.

"ஐயா, காரைக்குடியிலருந்து பேசுறேன். கால்நடைப் புத்தகம் வந்துச்சுல்ல? அதுல மருந்து அட்டவணை தொடர்ந்து அடுத்த பக்கம் போச்சுன்னா அந்தப் பக்கத்தைப் பாத்து ஊத்தாதீக. மேல தலைப்பு விட்டுப் போச்சு. முன்னாடி பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டு ஊத்துங்க. முக்கியமா நானூத்திப் பன்னெண்டு."

"நீங்க யாரும்மா?"

"புத்தகத்தை டைப் பண்ணிப் பக்கம் போட்டவ. தப்பு நான் பண்ணது."

இதையே சொன்னாள். காலையிலிருந்து பொழுது சாயும் வரை இதையே. திருப்பத்தூர்க்காரர் ஒருத்தர் உறையையே பிரிக்கவில்லை என்றார். காளையார்கோவில் பக்கம் ஒரு பெரியவர், "மாடே வித்துட்டேன் தாயி, இனி எனக்கு என்ன" என்றார். ஒருத்தன் கெட்ட வார்த்தையில் வைதான், கேட்டுக்கொண்டாள். ஒருத்தன் லோன் விற்கிறவள் என்று நினைத்து வைத்துவிட்டான், அவனுக்கு மூன்று தடவை போட்டாள். பாதி நம்பர் எடுக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டு குரல் ஆண்குரலாகிவிட்டது. பாண்டிமுருகன் மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தான். மறுபடி போய்ச் சுக்குக் காப்பி வாங்கி வந்து மேசை மேல் வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனான்.

இரண்டாம் நாள் ஐயாவே கூப்பிட்டார். அவருக்கு யாரோ போன் செய்து கேட்டிருக்கிறார்கள்.

"நான் சொன்னதைக் கேட்கலையே நீங்க."

"மன்னிச்சுக்கங்கய்யா. ஒங்க பேரைச் சொல்லல. என் தப்புன்னுதான் சொல்றேன்."

"ரெண்டாம் பாகத்தை மதுரையில குடுத்துடுறேன்."

"சரிங்கய்யா" என்றாள். அந்த வேலையை நம்பித்தான் அவள் பழைய கணினியை மாற்றலாம் என்று இருந்தாள், மகளைக் கல்லூரி விடுதியில் விடலாம் என்று இருந்தாள். போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த நம்பரை அடித்தாள்.

மூன்றாம் நாள் முக்கால்வாசி முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. யாருக்கெல்லாமோ, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கூடப் பிறந்தவளுக்குச் சொல்லத்தான் கால் வரவில்லை. மத்தியானம் போனைப் பையில் போட்டுக்கொண்டு மானகிரிக்குப் போனாள்.

மழை வெறித்திருந்தது. கொட்டத்தில் இப்போது பன்னிரண்டு ஆடு. கருத்தையா முன்பு இருந்த இடத்திலேயே, அதே போலக் குத்தவைத்துக் கொழை ஒடித்துக்கொண்டிருந்தார். தாடி மண்டிக் கிடந்தது. ஆயி, ஆடுகள் தண்ணீர் குடிக்கும் குளுதாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். துர்கா உட்காரவில்லை. நின்றவாக்கிலேயே சொன்னாள், ஒன்றையும் விடாமல் சொன்னாள். தலைப்பு இருந்தது என்றும், தான்தான் எடுத்தேன் என்றும், அன்றைக்கே தெரியும் என்றும்.

ஆயி கழுவின கையைத் துடைக்காமலே நிமிர்ந்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டா ஏன் சோத்தைத் தின்ன?"

ஆயி குளுதாடியை ஓரமாகத் தள்ளினாள்.

"இந்த மனுசனை நான் பேசாத பேச்சில்லடி. குருட்டுப்பயன்னேன். படிக்காத மூதின்னேன். ஒரு வாரமா இந்தக் கொட்டத்துலதான் படுக்கை. சோறு வேணாம்னுட்டாக. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு ஆள் இருக்காகளான்னு வந்து பாத்துட்டுப் போறேன், கயித்தைக் கியித்தை எடுத்துருவாகளோன்னு. நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா?"

"விடு" என்றார் கருத்தையா. அத்தனை நாளில் அவர் ஆயியிடம் பேசின முதல் சொல் அது. ஆயி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"மச்சான், ஒங்க மேல தப்பில்லன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் துர்கா.

"இருக்குத்தா."

"இல்ல மச்சான். அந்தப் பக்கத்துல..."

"நீ பக்கத்தைச் சொல்ற. நான் என் கையைச் சொல்றேன்." கருத்தையா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "இருவது வருசமா இந்தக் கையில மருந்து ஊத்துறேன். சிரிஞ்சுல ஏத்தும்போதே கை சொல்லுச்சு, இது சாஸ்தின்னு. ரெண்டு தடவை கீழ வச்சேன். மூணாந்தடவை புத்தகத்தைப் பாத்தேன். எம்புட்டு நேர்த்தியா இருக்கு, கோடெல்லாம் அளந்து போட்ட மாதிரி. நம்ம துர்கா போட்டது, தப்பா இருக்குமான்னு நெனச்சு ஊத்திட்டேன்."

துர்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம், ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம், தாங்கியிருப்பாள். அக்கா பக்கம் பார்த்தாள். ஆயி அவளைப் பார்க்கவில்லை.

பையில் போன் அடித்தது. எடுக்காமல் விட்டாள். நின்று, மறுபடி அடித்தது.

"எடு" என்றார் கருத்தையா.

அவளுக்குக் காதில் வைக்கத் தோன்றவில்லை, ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண்ணின் குரல். "இந்த நம்பர்லருந்து நாலு மிஸ்டு கால் கெடக்கு, யாருங்க?"

துர்கா கட்டின தொண்டையோடு சொல்லத் தொடங்கினாள். காரைக்குடி, புத்தகம், அட்டவணை. நானூத்திப் பன்னெண்டு என்று சொல்லி முடிக்கவில்லை.

"ஈரல் புழு மருந்துங்களா? முந்தாநேத்துக் காலையில ஊத்தியாச்சே" என்றது குரல். "முப்பத்தாறு உருப்படிக்கும். ஏங்க?"

ஏங்க, ஏங்க என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். கருத்தையா கையிலிருந்த கொழையைக் கீழே வைத்தார்.

"குடு இங்குட்டு."

போனை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "தாயி, அங்குட்டு வெயிலு அடிக்குதா?"

"இப்பத்தாங்க வெளிச்சிருக்கு."

"ஒரு ஆட்டைப் பிடிச்சு வெயிலுக்கு நேரா தலையைத் தூக்கு. கண்ணுல கருமணி கோடாச் சுருங்குதான்னு பாரு. போனை வச்சிராத, பாத்துட்டு வா."

காலடிச் சத்தம் கேட்டது. படலைத் திறக்கும் சத்தம், ஆட்டை அதட்டும் சத்தம். ஆயி பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சுருங்கலைங்க. பெருசா, வட்டமாவே நிக்குது. இன்னொன்னையும் பாத்தேன், அதுவும் அப்படித்தான். என்னங்க ஆச்சு?"

"பயப்படாதன்னு சொல்லமாட்டேன் தாயி. சொல்றதை மட்டும் கேளு. எல்லாத்தையும் கயித்துல கட்டு. ஒன்னு விடாம. கேணி இருக்கா?"

"இருக்குங்க, கொட்டத்துக்குப் பின்னால."

"கைப்பிடிச் சுவரு?"

"இல்லைங்க."

"அதை மொதல்ல மூடு. மரமோ தகரமோ, கெடச்சதைப் போட்டு மூடு. எனக்கு ரெண்டு உருப்படி தண்ணி வாடை பிடிச்சுக்கிட்டே போயி உள்ள விழுந்துருச்சு, முந்தாநாத்துத்தான். அப்புறம், கொழையைக் கீழ போடாத. அதுகளுக்குத் தேடத் தெரியாது. வாயில வையி. வைக்கும்போது பேசிக்கிட்டே வையி, ஆள் சத்தம் இருந்தா மெரளாது."

அந்தப் பெண் அழத் தொடங்கியிருந்தாள். "நாந்தாங்க ஊத்துனேன். எங்கையாலதாங்க ஊத்துனேன். நீங்க டாக்டருங்களா?"

"இல்ல தாயி" என்றார் கருத்தையா. "ஒனக்கு முன்னாடி ஊத்துனவன்."

அந்தப் பக்கம் அவள் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேணியை மூடத் தகரம் எடுத்து வரச் சொல்வது கேட்டது.